வாரம் அரைக் கிலோ

ஜூன் 4

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுவது. உன் அத்தானுக்கு முழங்காலில் வலி, எனக்கு மற்ற எல்லா இடத்திலும் வலி. அதை விட்டால் இருவரும் சுகமாக இருக்கிறோம். ஃபோனில் பேசினால் மூன்றாவது நிமிடம் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது, இனி எதுவானாலும் தாளில் எழுதிக்கொள்வோம் என்று நீதான் சொன்னாய். சரி, எழுதுகிறேன். தாளில் உன்னால் குறுக்கே பேச முடியாது, அது ஒரு வசதி.

என் மகள் குட்டி உன் வீட்டில் என்ன செய்கிறாள்? கண் மருத்துவமனைக்காரர்கள் அவளை உன் ஊருக்கு மாற்றினார்கள், அது அவள் தவறு இல்லை. மாப்பிள்ளை கப்பலில் இருக்கிறார், நவம்பரில்தான் கரைக்கு வருவார், அதுவும் அவள் தவறு இல்லை. தங்க இடம் வேண்டும் என்று உன்னிடம் வந்தாள். நானே பெட்டி அடுக்கிக் கொடுத்தேன். ஆனால் ஏழாம் மாதம் பிறந்ததும் லீவு போட்டுவிட்டு இங்கே வருவாள் என்பதுதான் பேச்சு. போன வாரம் ஃபோனில், "அம்மா, பிரசவத்த இங்கயே வச்சுக்கலாம்னு இருக்கேன், சித்தி இருக்காங்கல்ல" என்கிறாள். சித்தி இருக்கிறாள். அப்படியானால் அம்மா எங்கே போனாள்?

ஏன் என்று கேட்டேன். "அங்க வந்தா நீ என் தட்டையே பாத்துட்டு இருப்பம்மா" என்றாள். ஆமாம், பார்ப்பேன். இருபத்தொன்பது வயதில் நாற்பத்தொரு கிலோ இருந்த பெண், இப்போது வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறாள். அவள் தட்டைப் பார்க்காமல் வேறு எதைப் பார்ப்பது? சிறு வயதிலிருந்து எத்தனை டாக்டர், எத்தனை டானிக். எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள், நோய் ஒன்றும் இல்லை, உடல்வாகு அப்படி என்று. யாருடைய உடல்வாகு? என்னுடையதா? எனக்குப் பிறந்தவள் உன்னை உரித்து வைத்தாற்போல வந்து நிற்கிறாள். உங்கள் இருவரையும் தெருவில் சேர்த்துப் பார்க்கிறவர்கள் அம்மாவும் மகளும் என்றுதான் நினைப்பார்கள். நினைக்கிறார்களா? இதற்குப் பதில் எழுது.

மூத்தவன் பையனுக்கு எட்டு மாதம், பத்துக் கிலோ. தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. பேரன் என்றால் அப்படி இருக்க வேண்டும். எங்கள் லாண்டரியில் அவன் படத்தைப் பார்க்காதவர்கள் ஒருவரும் இல்லை. அழுக்குத் துணி கொண்டு வருகிற டிரைவர்கள்கூடப் பார்த்துவிட்டார்கள்.

பார்சலில் ஓர் எடை மெஷின் அனுப்பியிருக்கிறேன். கால் கிலோ வரைக்கும் காட்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில், சாப்பிடுவதற்கு முன், செருப்பில்லாமல் குட்டியை அதில் நிற்க வைத்து, முள் காட்டுவதை எனக்கு எழுது. நீ ஏறாதே. உனக்கு முள் அசையாது.

இப்படிக்கு
உன் அக்கா

•

ஜூன் 13

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதமும் உன் மெஷினும் ஒரே நாளில் வந்தன. நான் வேலையிலிருந்து வந்து பூட்டைத் திறந்துகொண்டிருந்தேன். தபால்காரர் என் முதுகைப் பார்த்துவிட்டு, "பாப்பா, வீட்ல பெரியவங்க யாரும் இல்லையா?" என்றார். ஐம்பத்து நான்கு வயது முகத்தோடு நான் திரும்பியதும் அவர் கையெழுத்துக்கூடக் கேட்காமல் மெஷினை வைத்துவிட்டுப் படியிறங்கினார்.

நீ கேட்டதற்குப் பதில்: ஆமாம், நினைக்கிறார்கள். கீழ்வீட்டு அம்மா "உங்க பொண்ணு" என்று ஆரம்பித்தார்கள். "அக்கா பொண்ணு" என்று உடனே சொல்லிவிட்டேன். உண்மையாகவே உடனே சொன்னேன்.

குட்டி நன்றாக இருக்கிறாள். பிள்ளை மாதத்துக்கு ஏற்றபடி வளர்கிறது என்று ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா சொல்லிவிட்டார்கள். இரத்தமும் சரியாக இருக்கிறதாம். காலையில் நாங்கள் இருவரும் சேர்ந்தே இறங்குகிறோம். அவள் பஸ்ஸுக்கு நிற்பாள், நான் தையல் கம்பெனி வரைக்கும் நடப்பேன்.

எங்கள் சாம்பிள் அறையில் இப்போது பள்ளிச் சீருடை வேலை. பதிமூன்று வயதுப் பெண்ணுக்கான கவுனை என் மேல் மாட்டித்தான் மாஸ்டர் அளவு சரிபார்க்கிறார். கையைத் தூக்கு, உட்கார், குனி, மூச்சை இழு. இருபத்திரண்டு வருடமாக எனக்குப் பதிமூன்று வயது. அறையில் யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, "பதிமூணு, இங்க வா" என்றுதான் கூப்பிடுவார்கள். போன வாரம் துணி வாங்கும் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். கவுனின் காலருக்கு மேலே இருக்கிற முகத்தைப் பார்த்துத் திகைத்துப்போய் நின்றார். மாஸ்டர் சிரிக்காமல், "புள்ளைக்குப் பரீட்ச சார், அதான் மூஞ்சி அப்படி இருக்கு" என்றார்.

இந்த ஞாயிறு குட்டியின் எடை நாற்பத்து மூன்றே கால். இதைப் படித்துவிட்டு அவளுக்கு ஃபோன் செய்யாதே. என்மேல் சத்தியமாகச் செய்யாதே.

அத்தானை மாடிப்படி ஏற வேண்டாம் என்று சொல்.

உன் தங்கை

•

ஜூன் 19

அக்காவுக்கு,

நான்கு தடவை ஃபோன் செய்திருக்கிறாய். ஒரு தடவை அவள் நோயாளியின் கண்ணில் விளக்கு அடித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது. "நாற்பத்து மூணே காலாடி, நாற்பத்து மூணே காலா" என்று நீ கத்தியது அந்த நோயாளிக்கே கேட்டதாம். அவர் தன் கண்ணுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துபோனாராம்.

இதை அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அப்புறம் குளியலறைக்குப் போய் நேரம் கழித்து வந்தாள். கண் வீங்கியிருந்தது.

நேற்று நாற்பத்து மூன்றே முக்கால். பார், ஏறிவிட்டது. இனி நிம்மதியாக இரு.

தங்கை

•

ஜூலை 5

அன்புத் தங்கைக்கு,

நீ வாராவாரம் எழுதுவதையெல்லாம் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன். நாற்பத்து மூன்றே முக்கால், நாற்பத்து நான்கே கால், நாற்பத்து நான்கே முக்கால். வாரம் அரைக் கிலோ ஏறுகிறாள். உன் அத்தானுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எனக்கும் சந்தோஷமாக இருக்க வேண்டும்.

எனக்கு வயிறு எரிகிறது. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

பிறந்ததிலிருந்து கல்யாணம் வரைக்கும் இருபத்தேழு வருடம் என் கையால் சாப்பிட்டு ஏறாத பெண், உன் வீட்டில் ஒரே மாதத்தில் ஏறுகிறாள் என்றால் அதற்கு என்ன அர்த்தம்? நீ அடுப்பில் பாத்திரத்தை வைத்துவிட்டு ஜன்னல் துடைக்கப் போகிறவள். உப்பு போட்டோமா என்று பக்கத்து வீட்டில் போய்க் கேட்கிறவள். அவளுக்கு அப்படி என்ன போடுகிறாய்? நான் கொடுக்காத எதைக் கொடுக்கிறாய்? ஒன்று விடாமல் எழுது.

உனக்கு ஞாபகம் இருக்காது, எனக்கு இருக்கிறது. வீட்டில் ஒரு முட்டை இருந்தால் அது உனக்கு. "அவ காத்துல பறந்துடுவா போல இருக்கா, உனக்கென்னடி, நீ தண்ணி குடிச்சாலே ஊதிடுவ" என்பாள் அம்மா. உன்னைப் பிடித்து உட்கார வைத்து வாயில் ஊட்டுவாள். உனக்குப் பன்னிரண்டு வயது ஆன பிறகும் ஊட்டினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து என் சாப்பாட்டை நானே சாப்பிட்டு, என் தட்டையும் உன் தட்டையும் கழுவி வைப்பேன். என்னைப் பார்த்து "சாப்பிட்டியா" என்று அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. பார்த்தாலே தெரிகிறதாம். காய்ச்சல் வந்து இரண்டு நாள் நான் ஒன்றும் சாப்பிடாமல் படுத்திருந்தபோதுகூட, "நல்லதுதான், கொஞ்சம் இறங்கும்" என்றாள். தெருவில் நாம் இருவரும் சேர்ந்து போனால், "தங்கச்சி பங்கையும் அக்காவே முடிச்சிடுறா போல" என்பார்கள். அம்மா சிரிப்பாள். அவள் போய் ஒன்பது வருடம் ஆகிறது. அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இப்போது என் பெண்ணும் உன் பக்கம்.

என்ன போடுகிறாய் என்று எழுது.

அக்கா

•

ஜூலை 11

அன்புள்ள அக்காவுக்கு,

நான் புதிதாக ஒன்றும் போடவில்லை. நீ போடுவதில் பாதிதான் போடுகிறேன், அதுவும் உப்புச் சப்பில்லாமல். அவள் சாப்பிடும்போது நான் அடுத்த அறையில் துணி மடிக்கிறேன். அவ்வளவுதான் செய்கிறேன்.

பிறந்ததிலிருந்து உன் கையால் என்று எழுதியிருக்கிறாய். சரி.

அந்த முட்டையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதில் பெரும்பாலும் பாவாடையில் முடிந்துகொண்டு போய், பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் ஒரு நாய்க்குப் போட்டேன். அது நன்றாகக் கொழுத்தது. ஒருநாள் உன்னிடம் நீட்டினேன். "உன் மிச்சம் எனக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்துபோய்விட்டாய். ஊட்டியதை நான் ரசித்தேன் என்று நினைக்கிறாயா? வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் என் மணிக்கட்டைக் கட்டை விரலாலும் சுண்டு விரலாலும் வளைத்துப் பார்ப்பார்கள். "ரெண்டு வெரல் தொட்டுக்குது பாரு" என்று அடுத்தவரிடம் கொடுப்பார்கள். கடையில் வெள்ளரிக்காய் பார்க்கிற மாதிரி. நான் சாப்பிடுவது எங்கே போகிறது என்று எல்லோருக்கும் கவலை. எனக்கு மட்டும் பசி எடுக்கும், சாப்பிடுவேன், மறந்துவிடுவேன். உன்னை யாரும் தொட்டுப் பார்க்கவில்லையே என்று எனக்கு அப்போது உன்னைப் போல இருக்க ஆசை ஆசையாக இருக்கும்.

ஒரு விஷயம். போன செக்கப்பில் ஒரு நர்ஸ் குட்டியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இந்த ஒடம்புல புள்ளைக்கு எங்கேருந்துமா பால் வரும்?" என்று சொல்லிவிட்டாள். டாக்டரம்மா அப்படியெல்லாம் இல்லை என்று சமாதானம் சொன்னார்கள். ஆனால் அன்றிலிருந்து இவள் பேச்சு குறைந்துவிட்டது. நீ பேசும்போது எடைப் பேச்சை எடுக்காமல் வேறு ஏதாவது பேசு. பேரனைப் பற்றிப் பேசு.

இந்த வாரம் நாற்பத்து ஐந்தே கால்.

தங்கை

•

ஜூலை 17

நான் இருபது வருடமாக எடை மேடையில் நிற்கிறவள் என்பதை மறந்துவிட்டாய்.

எங்கள் லாண்டரிக்கு ஒரு ஹோட்டலிலிருந்து அழுக்கு பெட்ஷீட் வரும். அதன் சீட்டில் தினமும் முப்பது கிலோ, முப்பது கிலோ என்றே எழுதியிருப்பார்கள். நான் மேடையில் ஏற்றினால் ஒரு நாள் இருபத்தாறு இருக்கும், ஒரு நாள் ஈரத்தோடு முப்பத்து மூன்று இருக்கும். நிஜமான எடை ஒருநாளும் ஒழுங்காக வராது. ஒழுங்காக வந்தால் யாரோ உட்கார்ந்து எழுதியது என்று அர்த்தம். நேற்று அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். முக்கால், கால், முக்கால், கால். பிள்ளைத்தாய்ச்சி என்ன மாடிப்படியா?

வீட்டுக்கு வந்ததும் குட்டிக்கு ஃபோன் செய்து கேட்டேன். முதலில் மழுப்பினாள். அப்புறம், "சித்தி எனக்காகத்தாம்மா அப்படி எழுதினாங்க" என்று ஒத்துக்கொண்டாள். நிஜம் என்ன என்று கேட்டேன். நாற்பத்து மூன்று, நாற்பத்து நான்கு, மறுபடி நாற்பத்து மூன்றே முக்கால், இப்போது நாற்பத்து நான்கரை. அது எனக்குப் பெரிதில்லை. டாக்டர் சரி என்றால் சரிதான். ஆனால் நீங்கள் இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து, இந்த வாரம் கிழவிக்கு என்ன எழுதலாம் என்று பேசிச் சிரித்திருக்கிறீர்கள். நான் இங்கே காலண்டரைப் பார்த்துப் பார்த்து உன் சமையல்மேல் பொறாமைப்பட்டேன். இல்லாத கிலோவுக்காக ஒரு மாதம் வெந்தேன்.

எனக்கு வந்த கோபத்தில் அவளுக்குத் தெரிய வேண்டியதைச் சொல்லிவிட்டேன். நீ பெற்ற பிள்ளை இரண்டாம் நாளே போனதைச் சொன்னேன். "உன் சித்திய நம்பிக்கிட்டு இருக்கியே, அந்த ஒடம்ப வச்சுக்கிட்டு அவ பெத்தது என்னாச்சுன்னு தெரியுமா" என்று கேட்டேன். தெரிந்துகொள்ளட்டும்.

ஏழாம் மாதம் பிறந்ததும் அவளை இங்கே அனுப்பிவிடு.

அக்கா

•

ஜூலை 24

அக்காவுக்கு,

குட்டி மூன்று நாளாக வேலைக்குப் போகவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். முந்தாநாள் என்னை உட்கார வைத்து, "சித்தி, உங்க ஒடம்பு இப்படி இருந்ததாலதான் உங்க பாப்பா செத்துப்போச்சா?" என்று கேட்டாள்.

உனக்குத் தெரியும். பிள்ளையின் இதயத்தில் பிறவியிலேயே ஓட்டை இருந்தது, தாயின் உடம்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டர் சொன்னபோது, என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நீ. நானாவது பாதி மயக்கத்தில் இருந்தேன். நீ முழுசாகக் கேட்டாய்.

அதை அவளிடம் சொன்னேன். தலையை ஆட்டினாள். நம்பவில்லை. நர்ஸ் சொன்னதும் நீ சொன்னதும் அவள் மனதில் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது. "எனக்குப் பால் வராது சித்தி, நான் என் புள்ளையப் பட்டினி போட்டுடுவேன்" என்கிறாள். திரும்பத் திரும்ப அதையே சொல்கிறாள்.

அதற்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. அதை நீ பூட்டி வைத்திருக்கிறாய்.

என் பிள்ளை போன பதினோராம் நாள் உனக்கு அவள் பிறந்தாள். உனக்குக் காய்ச்சல் கண்டு இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தாய். காய்ச்சல் விட்டபோது பால் வற்றிப்போயிருந்தது. புட்டிப்பால் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, குடித்ததெல்லாம் கக்கினாள். எனக்குப் பால் நிற்கவில்லை. உன் வீட்டிலேயே தங்கி ஏழு மாதம் நான் கொடுத்தேன், அக்கா. முப்பத்தொன்பது கிலோ உடம்பில். மாதாமாதம் அவளை எடை போட்ட நர்ஸ், "நல்லா ஏறுறா" என்று அட்டையில் எழுதினாள். அது உட்கார்ந்து எழுதிய எடை இல்லை.

பால் மறந்த அன்று, "என் பொண்ணுக்கு இது எந்தக் காலத்திலயும் தெரியக்கூடாது" என்று நீ கேட்டாய். சரி என்றேன். என் புருஷன், ஒன்றுக்கும் உதவாத உடம்பு என்று சொல்லி என்னை விட்டுப்போனபோதுகூட, அவனுக்குப் பதில் சொல்ல நான் அதை எடுக்கவில்லை.

நீ பாதியைச் சொல்லிவிட்டாய். மீதிப் பாதியை நான் சொல்ல அனுமதி கொடு. அவளுக்கு இப்போது வேறு மருந்து இல்லை. நீளமாக எழுத வேண்டாம். "சொல்" என்று ஒரு வார்த்தை எழுதி அனுப்பு.

தங்கை

•

ஜூலை 30

தங்கைக்கு,

சொல்லாதே.

அவள் உடம்பு உன்னுடையது. மூக்கு உன்னுடையது. சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்வது உன்னுடையது. மனதில் இருப்பதை என்னிடம் சொல்லாமல் உன்னிடம் சொல்கிறாள். பிரசவமும் உன் வீட்டில் என்கிறாள். பாலும் உன்னுடையதுதான் என்று தெரிந்துவிட்டால் நான் யார்? ஓர் இடத்தில் ஏற்றி இன்னோர் இடத்தில் இறக்கிவிட்ட லாண்டரி டிராலியா?

உனக்கு அது ஏழு மாதம். பால் கொடுத்தாய், பெருமையாக இருந்தது. எனக்கு என்னவாக இருந்தது என்று நீ கேட்டதே இல்லை. பார்க்க வந்த ஒவ்வொருத்தியும் என்னை மேலும் கீழும் பார்ப்பாள். "இத்தன பெரிய ஒடம்புல ஒரு சொட்டு இல்லையா? அந்தக் குச்சிக்குப் பொங்குதே" என்பாள். யாரோ சொன்னால் போகட்டும், நம் அம்மாவே சொன்னாள். தின்றதெல்லாம் எங்கே போச்சு என்று என்னைக் கேட்டாள். உன்னைக் கேட்ட அதே கேள்வியைப் பிறகு எனக்குத் திருப்பிப் போட்டார்கள்.

அவள் இங்கே வரட்டும், அவள் பயத்தை நான் போக்குகிறேன். தாய் சொன்னால் கேட்பாள்.

உன் கடிதத்தை உன் அத்தானும் படித்துவிட்டார். இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. அவரும் உன் பக்கம்தான்.

அக்கா

•

ஆகஸ்ட் 6

அக்காவுக்கு,

சரி. சொல்லமாட்டேன். கொடுத்த வாக்கை நான் மீற மாட்டேன் என்பது உனக்குத் தெரியும், அதனால்தான் தைரியமாக மறுக்கிறாய்.

ஒன்றே ஒன்று. பொறாமை உன் ஒருத்திக்குச் சொந்தம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். பஸ்ஸில் நீ உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். என்னைச் சின்னப் பெண் என்று நினைத்து எழுப்பிவிட்டுவிட்டு, முகத்தைப் பார்த்ததும் மன்னிப்புக் கேட்பார்கள். நீ ஒன்று சொன்னால் கடைக்காரன் நிமிர்ந்து பார்ப்பான். நான் சொன்னால், "வேற யாராவது பெரியவங்கள வரச் சொல்லு" என்பான். அதெல்லாம்கூடப் பரவாயில்லை. ஏழு மாதம் முடிந்து குட்டியை உன் கையில் கொடுத்தேனே, அன்று அவள் உன் தோளில் தலையை வைத்த மறு நிமிடம் தூங்கிப்போனாள். என்னிடம் ஒருநாளும் அப்படித் தூங்கியதில்லை. பால் குடித்து முடித்ததும் நெளிவாள், முகத்தைத் திருப்புவாள். என் எலும்பு அவளுக்குக் குத்தும். வயிறு நிறைவதற்கு என்னிடம் வந்தாள், தூங்குவதற்கு உன்னிடம் போனாள். அன்று நான் குளியலறைக்குப் போய் என் தோள்பட்டையை என் கையாலேயே அறைந்துகொண்டேன். அந்தப் பொறாமை எனக்கு இன்றைக்கும் இருக்கிறது.

இருபத்தைந்தாம் தேதி காலை ரயிலில் அவளை ஏற்றிவிடுகிறேன். டிக்கெட் எடுத்தாயிற்று. வேலைக்கு மட்டும் போய் வருகிறாள், வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. எதையும் வேண்டும், வேண்டாம் என்று சொல்கிற நிலையில் அவள் இல்லை. நீ கேட்டது உனக்குக் கிடைத்துவிட்டது. இனி நமக்குள் எழுதிக்கொள்ள ஒன்றும் இல்லை என்று நினைக்கிறேன்.

தங்கை

•

ஆகஸ்ட் 19

என் தங்கைக்கு,

குட்டியை ரயிலில் ஏற்றாதே. டிக்கெட்டை ரத்து செய்துவிடு.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு உன் அத்தான் பத்து நாளைக்குப் பிறகு வாயைத் திறந்தார். "உனக்குப் பொண்ணு வேணும், வர்றா. இப்படிப் பயந்து செத்துக்கிட்டே வரணுமா?" என்றார். அதோடு செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் அவள் தூங்குவதற்கான தலையணைக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தேன். பாதி மாட்டியபடி அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நான் பெற்றவள், ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஆனால் வரப்போவது யார் என்று யோசித்தேன். தட்டில் வைத்ததையெல்லாம் தின்னுவாள், நான் சொல்வதையெல்லாம் கேட்பாள், பிள்ளை பிறந்ததும் தொடப் பயப்படுவாள். என் தோளில் தூங்கியவளை நானே தூங்கவிடாமல் செய்துவிட்டேன். அவள் அப்படித் தூங்கியதே எனக்கு நினைவில் இல்லை. நீ எழுதித்தான் தெரிந்தது. எனக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் அவள் உன்னிடம் குடித்ததுதான்.

உன்னைச் சொல்லவிட எனக்கு இப்போதும் மனம் வரவில்லை. அதனால் நானே சொன்னேன். மூன்று தாளைக் கிழித்துப்போட்டு நான்காவது தாளில் எழுதி அவள் மருத்துவமனை முகவரிக்கு அனுப்பினேன். உன் பிள்ளையின் இதயத்தில் இருந்த ஓட்டை, என் காய்ச்சல், ஏழு மாதம், எல்லாவற்றையும் எழுதினேன். ஃபோனில் அவளிடம் நான் சொன்னது கோபத்தில் சொன்னது, அது பொய் என்றும் எழுதினேன். அதை எழுத மட்டும் ஒரு சாயங்காலம் ஆயிற்று.

நேற்று மத்தியானம் கூப்பிட்டாள். நான் மேடையில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். மெஷின் சத்தத்தில் ஒன்றும் கேட்காமல் பின்பக்கக் கதவுக்கு வெளியே போய் நின்றேன். அவள் அழவில்லை. முதலில் கேட்டது, "அப்ப எனக்கும் வரும்லம்மா?" என்றுதான்.

"வரும்டி. உன் சித்திக்கு வந்துச்சு. உனக்கும் அதே ஒடம்புதான்" என்றேன். இதைச் சொல்ல எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று உனக்குத் தெரியும். ஆனால் சொன்னதும் அந்தப் பக்கம் அவள் மூச்சு விட்ட சத்தம் கேட்டது. முழு மூச்சு. எனக்கு அது போதும் என்று தோன்றியது.

அதற்கப்புறம் ஒன்று கேட்டாள். "சித்தி எனக்குக் குடுக்கும்போது நீ எங்கம்மா இருந்த?"

யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. "வெளிய வேல இருந்துச்சு" என்று சொல்லிவிட்டேன். அவளிடம் மீண்டும் ஒரு பொய். உன்னிடம் உண்மையை எழுதிவிடுகிறேன்.

கதவுக்கு வெளியே நின்றேன். ஒவ்வொரு தடவையும். நீ அவளை எடுத்துக்கொண்டு உள்ளே போவாய், நான் வந்து சுவரோரமாக நிற்பேன். அவள் குடிக்கிற சத்தம் கேட்கும். அவள் வேண்டாம் என்று துப்பிவிட வேண்டும், அலறிக்கொண்டு என்னைத் தேட வேண்டும் என்று நின்று நின்று ஆசைப்பட்டேன். பசித்த பிள்ளை, நான் பெற்ற பிள்ளை. அது பட்டினி கிடந்தாலும் சரி, உன்னிடம் குடிக்க வேண்டாம் என்று நினைத்த தாய் நான். ஒருநாள்கூட அவள் துப்பவில்லை. அதனால்தான் பிழைத்தாள்.

உன்னை ஒருநாளும் நான் மன்னிக்காததற்குக் காரணம் நீ பால் கொடுத்தது இல்லை. எனக்குள் இப்படி ஒருத்தி இருக்கிறாள் என்பது உன்னால் எனக்குத் தெரிந்துபோனதுதான்.

நீ கதவைச் சாத்தினாய் என்று இத்தனை வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். நேற்று பின்பக்கம் நின்றபோது யோசித்துப் பார்த்தேன். அந்த அறைக்குக் கதவே சரியாகச் சேராது. தாழ்ப்பாள் உடைந்து கிடந்தது, உன் அத்தான் அதை மாற்றவே இல்லை. நான் எப்போது வேண்டுமானாலும் உள்ளே வந்திருக்கலாம்.

இதையெல்லாம் படித்துவிட்டு நீ என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் அது நியாயம். பதில் எழுதாவிட்டாலும் நியாயம். ஆனால் நான் வருகிறேன். லாண்டரியில் இரண்டு மாத லீவு கேட்டிருக்கிறேன். அக்டோபர் முதல் தேதி காலையில் உன் வீட்டுக்கு வந்துவிடுவேன். உன் அத்தானை மூத்தவன் பார்த்துக்கொள்வான். குட்டி அங்கேயே பெற்றுக்கொள்ளட்டும். பொறாமை போய்விட்டது என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், அதனால் எழுதவில்லை. அதையும் கூட்டிக்கொண்டுதான் வருகிறேன்.

பிள்ளையை முதல் தடவை அவள் மார்போடு அணைக்கும்போது இந்த முறை நான் அறைக்குள் இருப்பேன். நீ அவளுக்கு ஒரு பக்கம் உட்கார், நான் மறுபக்கம் உட்காருகிறேன். கட்டிலில் இடம் போதாது என்று சொல்லாதே. நீ கொஞ்சம் நகர்ந்துகொள். எனக்கு இடம் அதிகம் வேண்டும்.

உன் அக்கா